ஒன்றும் வராத நாளில் என்ன செய்வீர்கள்?

நான் சிங்கப்பூரில் ஒரு சட்ட நிறுவனத்தின் நூலகர். எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை சந்தாக்களைக் கழித்துக்கட்டும் கூட்டம் நடக்கும். எந்தத் தரவுத்தளத்தின் விலை ஏறியிருக்கிறது, எந்தச் சஞ்சிகையை யாரும் தொடுவதே இல்லை, எதை நிறுத்தினால் யார் சண்டைக்கு வருவார்கள் என்று வரிசையாகப் பார்ப்போம். இந்த முறை பேச்சு சந்தாவை விட்டு விலகி, நான் தினமும் காலையில் வழக்கறிஞர்களுக்கு அனுப்பும் செய்திமடல் பக்கம் திரும்பியது. பார்ட்னர்களில் ஒருவர், நல்ல மனிதர், விளையாட்டாகத்தான் கேட்டார்: செய்தி வருகிற நாளில் மடல் போடுகிறீர்கள், சரி, ஒன்றும் வராத நாளில் என்ன செய்வீர்கள்? எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கூட்டம் கலைந்த பிறகும் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஏனென்றால் ஒன்றும் வராத நாளில்தான் எனக்கு வேலை அதிகம். அதை அந்த அறையில் அரை நிமிடத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

சட்ட நூலகத்துக்கு வரும் கேள்விகளில் ஒரு வகை, "அந்தத் தீர்ப்பை எடுத்துக் கொடுங்கள்" என்பது. கட்சிக்காரர் பெயர் பாதிதான் தெரியும், ஆண்டும் தப்பு என்றாலும் லாநெட் என்ற சட்டத் தரவுத்தளத்தில் கொஞ்ச நேரம் துழாவினால் அகப்பட்டுவிடும். அகப்பட்டதைக் கையில் கொடுத்தால் பிரச்சினை முடிந்தது. இன்னொரு வகைதான் சிக்கல். "போன மாதம் கருத்துரை எழுதிக் கொடுத்தோமே, அதற்கப்புறம் ஒன்றும் மாறவில்லையே?" மாறியிருந்தால் மாறியதைக் காட்டலாம். மாறவில்லை என்றால் எதைக் காட்டுவது? கேட்டவர் என்னுடைய "இல்லை"யை நம்பி வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதப்போகிறார். எங்கெங்கே பார்த்தேன், எதுவரை பார்த்தேன், பார்த்த இடங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அப்படி ஒரு "இல்லை"யைத் தயாரிக்க எனக்குத் தெரிந்து ஓடையைவிட (ஓர் இணையத்தளம் தன் புதிய செய்திகளைப் பட்டியலிட்டு வெளியிடும் கோப்பு, ஆங்கிலத்தில் ஃபீட்) நல்ல கருவி இன்னும் வரவில்லை.

தமிழ்மணம் காலத்தில் வலைப்பதிவு எழுதியவர்களுக்கு ஓடை என்றால் என்ன, திரட்டி என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய அந்தத் திரட்டி நம் பதிவுகளின் ஓடைகளை வாங்கித்தான் தன் முகப்பை நிரப்பிக்கொண்டிருந்தது. பதிவைப் போட்டுவிட்டு, முகப்பில் பெயர் வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். சட்ட நூலகத்தில் நான் பயன்படுத்துவதும் அதே ஓடைதான். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஆர்எஸ்எஸ் என்ற ஓடை முறையின் முதல் வடிவத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த இராமநாதன் குஹா என்று பயிற்சி வழக்கறிஞர்களிடம் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. "அதெல்லாம் பழைய காலமாச்சே அக்கா" என்பார்கள். ஓடைகளை ஒரே இடத்தில் வாசிக்க உதவிய கூகல் ரீடரை 2013 ஜூலையில் மூடியபோதே பலர் ஓடைக்கும் சேர்த்து ஒப்பாரி வைத்துவிட்டார்கள். மூடப்பட்டது ஒரு ரீடர்தான். ஃபீட்லி, இனோரீடர் என்று வேறு ரீடர்களில் ஓடைகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கேப் 91

இந்த "இல்லை"யைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது 2022 தொடக்கத்தில். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2021 டிசம்பர் 31 அன்று, சிங்கப்பூர்ச் சட்டங்களின் 2020 திருத்தப் பதிப்பு நடப்புக்கு வந்திருந்தது. அதுவரை இங்கே ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் அத்தியாய எண் உண்டு, சுருக்கமாக "கேப்". கம்பெனிகள் சட்டம் கேப் 50, வேலை நியமனச் சட்டம் கேப் 91, தண்டனைச் சட்டத் தொகுப்பு கேப் 224. வழக்கறிஞர்கள் சட்டத்தின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள்; எண்ணைச் சொன்னாலே போதும். புதிய பதிப்பில் அந்த எண்கள் போய், சட்டம் முதலில் இயற்றப்பட்ட ஆண்டு பெயரோடு சேர்ந்துகொண்டது. கம்பெனிகள் சட்டம் 1967, வேலை நியமனச் சட்டம் 1968, தண்டனைச் சட்டத் தொகுப்பு 1871. மேற்கோள் காட்டும் முறை மாறுகிறது என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். அலமாரி லேபிள்கள், உள் அட்டவணைகள், வார்ப்புருக்கள் எல்லாவற்றையும் டிசம்பரிலேயே மாற்றிவிட்டோம்.

எங்கள் வேலைவாய்ப்புச் சட்டப் பிரிவில் மூத்த வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். என் மடலைத் திறக்கவே மாட்டார். தனக்கு வேண்டியதைத் தானே பார்த்துக்கொள்ளும் ரகம். ஓடைகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, தனக்கு வேண்டிய சொற்களைக் கொடுத்து வடிகட்டி, அந்தச் சொல் வந்தால் மட்டும் தொலைபேசி அதிரும்படி வைத்திருந்தார். அவர் வயதில் யாரும் அவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை. சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து, கையில் ஆரஞ்சுப் பழங்களோடு நூலகத்துக்கு வந்தார். "என்னம்மா, இந்த வருஷம் எங்க பக்கம் ரொம்ப அமைதியா இருக்கே. ஒரு அலர்ட்கூட வரல" என்றார். முகத்தில் நிம்மதி.

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஜனவரியில் என் மடலில் வேலை நியமனச் சட்டத்தைத் தொட்டு வந்த செய்திகள் இருந்தன. "அதைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்றேன். மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். இடது பக்கத்தில் ஓடைகளின் பட்டியல், எல்லாம் ஒழுங்காக இயங்குகின்றன என்று பச்சைப் புள்ளிகள். வலது பக்கத்தில் அவருடைய வடிகட்டி. கடைசியாக அகப்பட்ட செய்தியின் தேதி டிசம்பர். அதன் கீழே "புதிதாக எதுவும் இல்லை" என்று மரியாதையாக ஒரு வரி. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், மேற்கோள் குறிகளுக்குள் அச்சு மாறாமல் இருந்தது: கேப் 91.

கருவியின் மேல் பிழை சொல்ல முடியாது. சொன்ன சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை ஊரில் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். அவர் கோபப்படவில்லை. "அப்போ இத்தனை நாளா இது என்னதான் பண்ணிக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். "காத்துக்கிட்டு இருந்துச்சு சார்" என்றேன். பெரிதாகச் சிரித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வடிகட்டியில் புதிய பெயரைச் சேர்த்தார். பழையதை அழிக்கப்போனவரைத் தடுத்தேன். பழைய தீர்ப்புகளைப் பற்றி எழுதுபவர்கள் பழைய எண்ணைத்தான் எழுதுவார்கள், இரண்டும் இருக்கட்டும்.

அவர் போன பிறகும் அந்தத் திரை கண்ணுக்குள்ளேயே நின்றது. உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் அதே திரைதான். இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாலும் அதே திரைதான். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதி 2021 நீதிமன்ற விதிகள் நடப்புக்கு வந்தன. வழக்குத் தொடுப்பவரைக் குறிக்கும் பிளெயின்டிஃப் போய் கிளெய்மன்ட், வழக்கைத் தொடங்கும் ஆவணமான ரிட் ஆஃப் சம்மன்ஸ் போய் ஒரிஜினேட்டிங் கிளெய்ம். இந்த முறை மார்ச்சிலேயே அவரிடமிருந்து தொலைபேசி வந்துவிட்டது: என்னென்ன சொற்களைச் சேர்க்க வேண்டும்? அதற்கு முந்திய ஆண்டு, 2021 ஜனவரி 2இல், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுப் பிரிவு என்று புதிதாக ஒன்று உருவாகி, அதன் தீர்ப்புகளுக்குத் தனிக் குறியீடு வந்திருந்தது. அதையும் அன்றே சேர்த்துக்கொண்டார். சட்டம் மாறுவதைக் கண்காணிக்க வைத்திருக்கும் வடிகட்டியையே சட்ட மாற்றம் முடக்கிவிடலாம் என்பது அவருக்கு அதற்குமேல் விளக்கத் தேவையில்லாமல் போயிற்று.

அமைதியில் எத்தனை வகை

ஓடையின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்த்தால் இந்த அமைதி இன்னும் சுவாரசியமானது. ஓடை என்பது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. நம்முடைய ரீடர் குறிப்பிட்ட இடைவெளியில் போய் அந்தக் கோப்பைக் கேட்கும். போன தடவை வாங்கியதிலிருந்து மாற்றம் இல்லை என்றால் வழங்கி (கோப்பை வைத்திருக்கும் சர்வர்) 304 என்று பதில் சொல்லும். வந்தாய், பார்த்தாய், புதிதாக ஒன்றும் இல்லை என்று பொருள். இது நல்ல "இல்லை". கோப்பே அங்கே இல்லை என்றால் 404. வேண்டுமென்றே எடுத்துவிட்டோம், இனி வராதே என்றால் 410. இந்த இரண்டும்கூடப் பரவாயில்லை. ரீடர் சிவப்பில் ஒரு குறி போடும், நமக்குத் தெரிந்துவிடும். அமைச்சோ ஆணையமோ தன் இணையத்தளத்தைப் புதுப்பிக்கும்போதுதான் தலைவலி. பழைய ஓடை முகவரியைத் தட்டினால் அழகான புதிய முகப்புப் பக்கம் வந்து நிற்கும். வழங்கிக்கு எல்லாம் சரி, 200. ரீடருக்குத்தான் உள்ளே ஓடை இல்லை.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது உறைந்துபோன ஓடை. தளத்தில் செய்திகள் புதிது புதிதாக ஏறிக்கொண்டிருக்கும். ஓடைக் கோப்பை உருவாக்கும் நிரல் மட்டும் எங்கோ நின்றுபோயிருக்கும்; கவனிக்க ஆள் இல்லை. ரீடர் போய்க் கேட்கும்போதெல்லாம் 304, 304, 304. தொழில்நுட்ப ரீதியாக அப்பழுக்கற்ற பதில். பதிலை மட்டும் பார்க்கும் கருவியால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் உண்மையிலேயே கோப்பு மாறவில்லை.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. பெரும்பாலான ஓடைகள் கடைசியாக வந்த பத்து, இருபது செய்திகளை மட்டுமே வைத்திருக்கும். ஆண்டுக் கடைசியில் துணைச் சட்டங்கள் கொத்துக் கொத்தாக வெளியாகும் நாளில், நம் ரீடர் அடுத்த முறை எட்டிப் பார்ப்பதற்குள் சில செய்திகள் அடியில் நழுவிப் போய்விடும். அன்றைக்குப் பெட்டி நிறையச் செய்தி இருக்கும். விடுபட்டது தெரியாது. செய்தி நிறைய வந்த நாளில்தான் நாம் எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

எனக்கு முன்பு இந்த நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெறும்போது ஒரு விரிதாளை விட்டுப் போனார். நாங்கள் பின்தொடரும் மூலங்கள் எல்லாம் அதில் இருந்தன: சட்டத் தளம், அரசிதழ், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், நாடாளுமன்றத்தில் அறிமுகமாகும் மசோதாக்கள், நாணய ஆணையம், தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம், சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் சிங்கப்பூர் லா வாட்ச். முகவரி, யாருக்கு வேண்டும் என்பதோடு கடைசியில் ஒரு நெடுவரிசை: வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசும், எப்போது பேசாது. "வேலைநாள்களில் தினமும்." "மாதம் ஒன்றிரண்டு, பெரும்பாலும் வியாழன்." "ஜூன், டிசம்பர் நீதிமன்ற விடுமுறையில் குறையும், நிற்காது." "பேராசிரியர், தேர்வுக் காலத்தில் எழுத மாட்டார்." நான் அதை அலங்காரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர். வீட்டில் பிள்ளைகள் சத்தம் போடும்போது பயமில்லை, சத்தம் நின்றால்தான் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்று விடைபெறும்போது சொன்னார். கேப் 91 விவகாரத்துக்குப் பிறகு அந்த நெடுவரிசையைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். ஒரு மூலம் தன் வழக்கத்தைத் தாண்டி அமைதியாக இருந்தால், ரீடரை நம்பாமல் தளத்துக்கே போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த "ஒன்றும் இருக்காது" எனக்கு வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் கேட்டால், முதலில் அந்த நெடுவரிசையை உருவாக்குங்கள் என்றுதான் சொல்வேன். எந்த ரீடர் நல்லது என்பது இரண்டாம்பட்சம். ஒரு மூலத்தைச் சேர்த்த அன்றே அதன் பழைய செய்திகளைப் பின்னோக்கிப் புரட்டி, தேதிகளை மட்டும் பாருங்கள். எந்தக் கிழமைகளில் வருகிறது, எந்த மாதங்களில் காணோம் என்பது கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிடும்.

வலைப்பதிவுகளை எங்கே வைப்பது

நீதிமன்றத்தில் வலைப்பதிவைக் காட்டி வாதாடப்போவதில்லை. ஆனாலும் என் பட்டியலில் அவற்றுக்கு நல்ல இடம் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பின்தொடர 2002இல் தொடங்கிய ஸ்காட்டஸ்பிளாக், அறிவுசார் சொத்துரிமைக்கு 2003இலிருந்து ஐபிகேட், கனடாவில் 2005இல் தொடங்கிய ஸ்லா என்று சட்டக்காரர்கள் வலைப்பதிவை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். நடுவர் தீர்ப்பாய வழக்குகள் சிங்கப்பூரில் அதிகம் என்பதால் க்ளூவர் ஆர்பிட்ரேஷன் பிளாக்கை எங்கள் ஆட்கள் விடாமல் படிப்பார்கள். தீர்ப்பு வந்தது என்ற செய்தியை நீதிமன்றத் தளமே சொல்லிவிடும். நூறு பக்கத் தீர்ப்பில் எந்தப் பத்தியில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்பதை, அந்தத் துறையில் ஊறிய ஒருவர் எழுதிய பதிவுதான் சொல்லும். அங்கிருந்து நேராகத் தீர்ப்பின் அந்தப் பத்திக்குப் போய்விடுவேன்.

சட்ட நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு எழுதும் அறிவிப்புக் கட்டுரைகள் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. ஒரு சட்டத் திருத்தம் வந்தால் ஐந்து நிறுவனங்களிடமிருந்து ஐந்து கட்டுரை வரும். உள்ளே இருப்பது அரசாங்கச் செய்திக் குறிப்பின் அதே மூன்று பத்திகள். (எங்கள் நிறுவனமும் எழுதுகிறது. அதைச் சரிபார்த்துக் கொடுப்பதும் நான்தான்.) போதாததற்கு, அவை பெரும்பாலும் மசோதா நிறைவேறிய அன்றே வெளியாகிவிடும். நிறைவேறுவது வேறு, நடப்புக்கு வருவது வேறு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2020 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் பெரும்பகுதி 2021 பிப்ரவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. கூடுதல் அபராத வரம்பு வந்ததோ 2022 அக்டோபர் 1. அப்போதும் தரவைக் கைமாற்றிக் கேட்கும் உரிமை பற்றிய பகுதி காத்துக்கொண்டுதான் இருந்தது. நிறைவேறிய அன்று ஊரெல்லாம் கட்டுரை. நடப்புக்கு வந்த தேதிகளைச் சொன்னது அரசிதழில் வந்த அறிவிப்புகள். கட்டுரைகளை மட்டும் பின்தொடர்ந்தவருக்கு, வந்துவிட்டது எது, வராதது எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால்தான் என் பட்டியலில் அரசிதழும் சட்டத் தளமும் எப்போதும் மேலே இருக்கும், வலைப்பதிவுகள் நடுவில், நிறுவனக் கட்டுரைகள் அடியில், வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்ற குறிப்போடு.

இதையெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவே செய்துவிடுமே என்பதுதான் அந்தக் கூட்டத்தில் சொல்லாமல் சொன்ன விஷயம். நானும் பயன்படுத்துகிறேன். நீண்ட கலந்தாலோசனை அறிக்கைகளைச் சுருக்குவதற்கு அருமையான கருவி. வந்ததைச் சுருக்கச் சொன்னால் செய்துவிடுகிறது. அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். "அண்மையில் மாற்றம் ஏதும் இல்லை" என்று அது சொல்லும்போதுதான் எனக்கு அந்தப் பழைய திரை நினைவுக்கு வருகிறது. எந்தத் தளத்தைப் பார்த்தாய், எத்தனை மணிக்குப் பார்த்தாய், எந்தச் சொல்லைக் கொண்டு தேடினாய்? இவற்றுக்குப் பதில் வராத "இல்லை"யை நான் மேலே அனுப்ப முடியாது. என் விரிதாளில் அந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறது, பார்க்க எவ்வளவு அலுப்பூட்டினாலும்.

சில வாரங்களாக மடலின் அடியில் ஒரு சிறு பகுதியைச் சேர்த்திருக்கிறேன். அன்று பார்த்த மூலங்களில் புதிதாக எதுவும் வராதவற்றின் பெயர்கள் மட்டும், சிறிய எழுத்தில். மடல் நீண்டுவிட்டது என்று இளையவர்கள் இரண்டு பேர் குறைப்பட்டார்கள். வரிச் சட்டப் பிரிவிலோ அந்தப் பகுதியை அப்படியே வெட்டித் தங்கள் கோப்பில் ஒட்டிக்கொள்கிறார்கள். பார்த்த நேரத்தையும் போடச் சொல்லிக் கேட்டதும் அவர்கள்தான். காலையில் பார்த்தேன் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாதாம். இப்போது மணியையும் போடுகிறேன். ஆனால் அரசிதழ் வெளியாவது மாலையில். காலை எட்டரைக்குப் பார்த்தேன் என்று எழுதினால் அன்றைய அரசிதழையும் பார்த்துவிட்டதாக யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே அதற்கு மட்டும் தனியாக ஒரு வரி: அரசிதழ், நேற்று மாலை வெளியீடு வரை.